ஒரு கிலோவில் எவ்வளவு மிஞ்சும்?

2021 பெப்ரவரியில்தான் முதல்முறையாகத் தொழிலுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, ஜீ.எஸ். (கிராம சேவகர்) தந்த வதிவிடக் கடிதம், மிளகாய் அரைக்கும் மெசினுக்கு எடுத்த விலைமனு. கூடவே நான் வறுத்து அரைத்த தூளில் அரைக் கிலோவும் கொண்டுபோயிருந்தேன். தூளைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

கடன் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். பையைத் திறந்து மணந்து பார்த்து, "நல்ல தூள் மிஸ்" என்றார். அப்புறம் கேட்டார்:

"ஒரு கிலோ வித்தால் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"ஒரு முந்நூறு, நானூறு மிஞ்சும் சேர்."

"முந்நூறா, நானூறா? உங்கட கூலியும் அதுக்குள்ளயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடமாக நானே வாங்கி, நானே வறுத்து, நானே விற்கிற பொருள். அதில் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கே தெரியாமல்தான் ஐந்து லட்சம் கேட்டுப் போயிருக்கிறேன் என்பது அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது. கடன் கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கணவர் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓடிக்கொண்டிருந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆட்கள் வருவது ஒரேயடியாக நின்றுவிட்டது. மே மாதம் தொடங்க வேண்டிய சீசன் தொடங்கவே இல்லை. வானும் சும்மா நின்றது. அப்போதுதான் அம்மா வறுக்கும் பக்குவத்தில் மிளகாய்த்தூள் செய்து ஒழுங்கையில் உள்ளவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். செத்தல் மிளகாயை முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்து, தாச்சியில் வறுத்து, டவுனில் ஒரு மில்லில் கொடுத்து அரைத்து எடுப்பேன். முதலில் மாதம் 10 கிலோ போனது. ஒரு வருடத்தில் 60 கிலோ. மில்லில் வரிசையில் நிற்பதும், எனக்கு முன்னால் யாரோ அரைத்த மல்லியின் மணம் என் தூளில் ஏறுவதும்தான் பெரிய தொல்லை. சொந்த மெசின் இருந்தால் இரண்டும் தீரும் என்றுதான் கடன் கேட்கப் போனேன்.

அந்த வங்கியில் கிரிப் அறிக்கை (என் கடன் வரலாறு) எடுப்பதற்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வாரம் கழித்துப் போனபோது, இப்போதைக்குத் தர முடியாது என்றார்கள். 2017இல் என் ஒன்றுவிட்ட தம்பி லீசிங்கில் ஆட்டோ எடுத்தபோது நான் பிணைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கொரோனா ஊரடங்கில் அவனுக்கு ஓட்டம் இல்லை, தவணை நின்றுபோனது. அவன் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நிலுவை என் பெயரிலும் பதிவாகியிருந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் "கிரிப்பில பேர் விழுந்திட்டு" என்பார்கள், ஏதோ கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்ட மாதிரி. கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கியது. நாம் எடுத்த கடன், கட்டிய ஒழுங்கு, நாம் பிணை நின்ற கடன் எல்லாவற்றையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அங்கே அனுப்புகின்றன. நல்லதும் பதிவாகும், கெட்டதும் பதிவாகும். கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான், கிரிப் அல்ல. நம்முடைய அறிக்கையை ஒரு சிறு கட்டணம் கட்டி நாமே எடுத்துப் பார்க்கலாம். வங்கிக்குப் போகும் முன்பே நான் அதை எடுத்திருந்தால், தம்பியோடு பேசி நிலுவையைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவன் பிறகு கட்டாருக்குப் போய்ச் சிறுகச் சிறுக அனுப்பிக் கட்டி முடித்தான். முடிந்ததும் லீசிங் நிறுவனத்திடம் நிலுவை இல்லை என்று எழுத்தில் கடிதம் வாங்கி வைத்தேன். வாயால் சொன்னது போதும் என்று விடாதீர்கள். அந்தக் கடிதத்தின் பிரதி இன்றும் என் ஃபைலில் முதலாவதாக இருக்கிறது.

வங்கி இல்லை என்றதும் எங்கள் ஒழுங்கையில் சொன்னது, குழுக்கடன் எடு என்று. வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று எடுக்கும் கடன். ஓரிரண்டு நாளில் காசு கையில் வந்துவிடும். காணி உறுதி கேட்க மாட்டார்கள், அரச உத்தியோகத்தர் பிணை கேட்க மாட்டார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வட்டி 24 சதவீதம் என்றார் கடன் நிறுவனத்தில் இருந்து வந்த பிள்ளை. ஒரு லட்சம் எடுத்தால் ஒரு வருடத்தில் 124,000 கட்ட வேண்டும், மாதத்துக்கு 10,333 ரூபா.

என் மகள் அப்போது உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் கொப்பியில் போட்டுக் காட்டினாள். "அம்மா, ஆறு மாதம் கட்டினபிறகு நீங்கள் பாதி முதலைத் திருப்பிக் கொடுத்திருப்பீங்கள். ஆனால் அவங்கள் கடைசி மாதம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி எடுக்கிறாங்கள்." வங்கிகள் கணக்குப் போடுவது போலக் குறைந்துகொண்டு போகும் மீதிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால், அந்த 24 சதவீதம் உண்மையில் 41 சதவீதத்துக்கும் மேலே வருகிறது. பிளாட் வட்டி என்று சொல்வது இதைத்தான். யார் கடன் தர வந்தாலும், "பிளாட்டா, குறையும் மீதிக்கா?" என்று முதலில் கேளுங்கள். அதைவிட இலகுவான வழி ஒன்று இருக்கிறது: மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

குழுக்கடன் எடுத்த எல்லாரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல மாட்டேன். மீன் வாங்கி விற்பவர்களுக்குக் காசு இரண்டு நாளில் திரும்பும், அவர்கள் சமாளித்தார்கள். ஆனால் ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போன பெண்களை எங்கள் ஒழுங்கையிலேயே தெரியும். வசூலுக்கு வரும் நாளில் கதவைப் பூட்டிவிட்டுக் கோயிலில் போய் இருந்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறு நுண்கடன்களை அரசாங்கமே தீர்க்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டிவந்தது என்றால், நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பாருங்கள். மெசின் போட்ட காசு இரண்டு நாளில் திரும்பாது. அதற்கு இந்தக் கடன் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் 2022. அதை எங்களில் யாரும் மறக்க மாட்டோம். டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. காஸ் இல்லாமல் நான் விறகில் வறுத்தேன். ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அறிவிப்பில் கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கி வட்டிகளுக்கு அடிப்படையான வட்டியை, 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆகஸ்டில் மின்கட்டணம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் திரும்பவும் ஏறியது. அந்த நேரத்தில் என் தலையில் ஒரு கடன் இருந்திருந்தால், அதுவும் வட்டி மாறும் கடனாக இருந்திருந்தால், வீட்டில் நகை ஒன்றும் மிஞ்சியிருக்காது. தொழிலுக்குக் கடன் எடுக்க நல்ல மாதமும் கெட்ட மாதமும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. 2023 ஜூனில் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கியதும், நான் செய்திகளில் அதை மட்டும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

காத்திருந்த காலத்தில் செய்த வேலை, கொப்பி எழுதியது. ஒரு 120 பக்க சீ.ஆர். கொப்பி. இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. முதல் மாதம் எழுதியபோதே எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கிலோ செத்தல் மிளகாய் 1,400 ரூபாவுக்கு வாங்கினேன். நூறு கிராம் பக்கற்றைக் கடைகளுக்கு 220 ரூபாவுக்குக் கொடுத்தேன், அதாவது கிலோ 2,200. என் மனக்கணக்கில் 800 ரூபா மிஞ்சிக்கொண்டிருந்தது.

கொப்பி வேறு மாதிரிச் சொன்னது. ஒரு கிலோ மிளகாயில் காம்பு, புழு விழுந்தது, வறுக்கும்போது போகும் ஈரம் எல்லாம் கழிந்தால் 850 கிராம் தூள்தான் வருகிறது. அப்படியென்றால் ஒரு கிலோ தூளுக்கு மிளகாய்ச் செலவு 1,400 அல்ல, 1,647. அரைகூலி 80. வறுக்க 60. பத்து பக்கற்றுக்கும் லேபிளுக்கும் 120. போக்குவரத்து 30. கூட்டினால் 1,937. மிஞ்சுவது 263 ரூபா. அதற்குள் என் கூலியும் இருக்கிறது. அடுப்படியில் வெந்து, தும்மித் தும்மிக் கண்ணெரிச்சலோடு நிற்கும் என் நாள் முழுவதும் அந்த 263க்குள்தான்.

அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகியது. மாதம் 120 கிலோ விற்கிறேன் என்றால் கையில் மிஞ்சுவது 31,500 அளவில். மிஞ்சுவதில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று நானே ஒரு கோடு கீறினேன். ஆக, மாதம் 15,000க்குக் கூடிய தவணை எனக்குத் தாங்காது. அதை வைத்துத்தான் எவ்வளவு கடன், எத்தனை வருடம் என்று பின்னுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். முதல்முறை போனபோது மெசின் விலையைப் பார்த்துக் கடன் தொகையைச் சொன்னேன். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறோம். தாங்கக்கூடிய தவணையில் இருந்து தொடங்கினால் தொகை தானாகவே வந்து நிற்கும்.

இன்னொன்றும் மாற்றினேன். விற்ற காசை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சேமிப்புக் கணக்கில் போட்டு, பிறகு தேவைக்கு எடுத்தேன். முன்பெல்லாம் கையில் வந்த காசு கையிலேயே போய்விடும், வங்கிப் புத்தகம் வெறுமையாக இருக்கும். மாதம் இரண்டரை லட்சம் புரளும் தொழில் என்று நான் வாயால் சொன்னால் யார் நம்புவார்? புத்தகத்தில் எட்டு மாதம் வாரம் தவறாமல் விழுந்த வரவு அதைச் சொல்லும். "போட்டிட்டு எடுக்கிறதுக்கு ஏன் அலையிறாய்" என்று கணவர் கேட்டார். கடைசியில் கடன் உத்தியோகத்தர் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கங்களைத்தான்.

பதிவு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரப் பெயரைப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் பதிந்தேன். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து அடுப்படியைப் பார்த்தார். சுவருக்கு வெள்ளை அடிக்கவும் யன்னலுக்கு வலை போடவும் சொன்னார், செய்தேன். பிரதேச சபை உரிமம் எடுத்தேன். லேபிளில் நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி போட்டேன். எல்லாம் நடையாய் நடந்து முடிக்கிற வேலைகள்தான், பயப்பட ஒன்றுமில்லை. பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார். அவரைக் கட்டாயம் சந்தியுங்கள். திட்ட அறிக்கை எழுத உதவியவர் எங்கள் செயலகத்தில் அந்தப் பொறுப்பில் இருந்த தங்கச்சிதான். வெளியில் ஒருவர் அதே அறிக்கைக்கு 7,500 ரூபா கேட்டிருந்தார்.

அடுத்தது வீட்டுக்குள் நடந்த சண்டை. எங்கள் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. உறுதி என் பெயரில். அதை ஈடு வைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், தொகையும் கூடத் தருவார்கள் என்றார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றார். "1990 சண்டையில இந்த உறுதிய நெஞ்சில கட்டிக்கொண்டு ஓடினனான். வேற ஒண்டும் எடுக்கேல்ல. அதைக் கொண்டுபோய் மிளகாய்த்தூளுக்கு வைக்கப்போறியா?" அதற்குமேல் நான் பேசவில்லை. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. தொழில் படுத்தால் தொழில்தான் படுக்க வேண்டும், வீடு அல்ல. ஐந்து லட்சத்துக்கு வீட்டை வைக்கத் தேவையில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். (உறுதி இல்லாமல் அரசின் அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அந்தக் காணியை ஈடு வைக்க முடியாது. யாராவது வெளியில் எழுதித் தந்தால் காசு தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

ஆக, பிணை. நிரந்தர நியமனத்தில் உள்ள அரச உத்தியோகத்தர் இரண்டு பேர். பிணை கேட்டுப் போவது கடன் கேட்டுப் போவதைவிடக் கடினம். முன்பு நானே ஒருவருக்குப் பிணை நின்று அடிபட்டவள், அந்த வலி தெரியும். முதலில் மச்சாளிடம் போனேன், அவ ஆசிரியை. கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் முன்னால் வைத்து, மாதத் தவணை இவ்வளவு, இதில் இருந்து கட்டுவேன், ஒரு மாதம் பிந்தினால் உங்களுக்கு நானே முதலில் சொல்வேன் என்றேன். அவ கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதி வச்சிருக்கிறாய், சரி, போடுறன்" என்றார். மற்றவர் கணவரின் நண்பர், வைத்தியசாலையில் வேலை. தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டைப் படமெடுத்து இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அவர்கள் கேட்கவில்லை. அந்தத் தம்பி அன்றைக்கு எனக்கு இதைச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

2024 ஜனவரியில் வேறொரு வங்கியில் விண்ணப்பித்தேன். இந்த முறையும் அதே கேள்வி வந்தது. "263 ரூபா சேர். என் கூலியும் சேர்த்து. மெசின் வந்தால் அரைகூலி 80 மிஞ்சும், கரண்டுக்கு ஏறத்தாழ 30 போகும். அப்ப 313" என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் எப்போது மெசின் வரும், எங்கே வைப்பீர்கள் என்பவைதான்.

மார்ச்சில் அனுமதிக் கடிதம் வந்தது. ஐந்து லட்சம், 14 சதவீதம், குறையும் மீதிக்கு, 48 தவணை. மாதம் 13,663 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 655,800 அளவில். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் விளக்கித் தரும்வரை கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் அரை மணித்தியாலம் இருந்து வரிவரியாகச் சொல்லித் தந்தார். வட்டி மாறக்கூடியதா, தவணை பிந்தினால் தண்டவட்டி எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடித்தால் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணச் செலவு, காப்புறுதி என்று எட்டாயிரத்துச் சொச்சம் என் கையில் இருந்து போனது. அதற்கும் காசு வைத்திருக்க வேண்டும்.

இனிமேல் என் பெரிய பிழை. மெசினுக்கு 340,000, பக்கற் ஒட்டும் சீலருக்கும் தராசுக்கும் 50,000, மிளகாய் வாங்க 110,000 என்று பிரித்திருந்தேன். மெசினுக்கான காசை வங்கி விற்பவரின் பெயருக்கே காசோலையாகக் கொடுத்தது. மார்ச் கடைசியில் மெசின் வந்து இறங்கியது. அம்மா திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தினார். மோட்டரைப் பார்த்த எலக்ட்ரீசியன் தம்பி, "அக்கா, இது ஏழரைக் குதிரை வலு. இதுக்கு த்ரீ பேஸ் வேணும். உங்கட வீட்டில சிங்கிள் பேஸ்தானே" என்றான்.

விலைமனுவில் மோட்டரின் வலு எழுதியிருந்தது. நான் விலையை மட்டும் பார்த்தேன். திட்ட அறிக்கையைப் பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை. த்ரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்து, உள் வயரிங் புதிதாகச் செய்து, பிரேக்கர் பெட்டி மாற்றி, மெசின் அதிராமல் நிற்கக் கொங்கிறீற் மேடை கட்டி முடிக்க 110,000 ரூபா போனது. மிளகாய் வாங்க வைத்திருந்த காசு முழுவதும் அது. இணைப்புக் கிடைத்தது ஜூன் இரண்டாம் கிழமை. இடையில் ஏப்ரல், மே இரண்டு தவணையும் வந்தன. ஓடாத மெசினுக்கு 27,326 ரூபா கட்டினேன். ஒரு சோடிக் காப்பை அடகு வைத்துத்தான் கட்டினேன். ஜூனில் சீட்டு எடுத்து மிளகாய் வாங்கினேன்.

மெசின் வாங்கி மூன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தவணை தொடங்கும்படி சலுகைக் காலம் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அந்த மாதங்களுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். கேட்காதவர்களுக்குத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மெசின் வாங்கக் கடன் எடுக்கிறவர்கள் விலைமனுவை எலக்ட்ரீசியன் ஒருவரிடமும் மேசன் ஒருவரிடமும் காட்டிவிட்டுப் போங்கள். மெசின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அதைப் பொருத்த மட்டும் எனக்குப் போனது.

திருகோணமலையில் தொழில் செய்கிறவர்கள் சீசனையும் தவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் மட்டும் என்னிடம் மாதம் 40 கிலோ வரை எடுக்கின்றன. ஒக்ரோபர் கடைசியில் வாடைக்காற்று மழை தொடங்கினால் கடலும் கலங்கும், விடுதிகளும் பாதி பூட்டிவிடும். எனக்கு மழை இரட்டை அடி: வாங்க ஆள் குறைவு, மிளகாய் காய வெயிலும் இல்லை. தவணைக்கு மட்டும் மழை தெரியாது. முதல் வருடம் டிசெம்பர் தவணையைக் கட்டப் பட்ட பாடு சொல்லி முடியாது. இப்போது சீசன் தொடங்கியதும் தனியாக ஒரு கணக்கில் வாரம் 2,000 ரூபா போட்டு, செப்டெம்பர் முடிய மூன்று தவணைக்கான 41,000 ரூபாவைச் சேர்த்துவிடுகிறேன். வீட்டில் அதற்கு மழைக் கணக்கு என்று பெயர். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதில் கை வைப்பதில்லை.

கடைகளுக்குக் கடனுக்குக் கொடுப்பதிலும் அடிபட்டேன். மெசின் வந்த உற்சாகத்தில் 14 கடைகளுக்குப் போட்டேன். சிலர் ஒன்றரை மாதம் கழித்துத்தான் காசு தந்தார்கள். ஒரு கட்டத்தில் வெளியில் 86,000 ரூபா நின்றது, என் கையில் தவணைக்குக் காசில்லை. விற்பனை கூடக் கூடக் கையில் காசு குறைந்ததைப் பார்த்துப் பயந்துபோனேன். இப்போது முதல் சரக்குக்குக் காசு வந்தால்தான் இரண்டாவது இறங்கும். ஐந்து கடைகள் விலகின. மிச்சம் ஒன்பது. அதில் நல்ல கடை கிண்ணியாவில் ஒரு நானாவுடையது. அந்தக் காலத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். 2009இல் பாலம் திறந்தபிறகு மோட்டர் சைக்கிளில் போய்த் திரும்பலாம். நானா எப்போதும் கையில் காசு தருவார், விலையில் ஐந்து ரூபா குறைப்பார். அவர்தான் சொன்னார், "தங்கச்சி, உங்கட தூள் நல்லம். ஆனா போன முறை சிவப்பு, இந்த முறை கறுப்பு. சனம் ஒரே நிறம் கேக்குது." அதற்குப் பிறகுதான் வறுக்கும் நேரத்தை மணிக்கூட்டில் பார்க்க ஆரம்பித்தேன்.

நகை அடகைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பெண்களுக்குக் கைக்கெட்டும் கடன் அதுதான். மிளகாய் விலை இறங்கிய கிழமையில் 100 கிலோ வாங்கிப் போட்டு ஒரு மாதத்தில் விற்று மீட்பதற்கு நல்லது, நானும் செய்கிறேன். மெசின், கட்டடம் போன்றவற்றுக்கு நகையை வைத்தால் மீட்கும் திகதி ஓடி வந்துவிடும், காசு வந்திருக்காது. என் காப்பு அந்த வருடம் ஓகஸ்டில் திரும்பி வந்தது.

இந்த 2025 ஒக்ரோபரோடு 19 தவணை கட்டிவிட்டேன், இன்னும் 29 இருக்கிறது. ஒரு நாளும் பிந்தவில்லை. மாதம் 210 கிலோ போகிறது. உதவிக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி அரை நாள் வருகிறா, அவவின் சம்பளமும் கொப்பியில் செலவாக ஏறுகிறது. மிளகாய் விலையும் கரண்ட் விலையும் மாறிவிட்டன. ஒரு கிலோவில் மிஞ்சுவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கூட்டிப் பார்க்கிறேன். இந்த மாதம் அது 290.

முற்றத்தில் பாயைச் சுருட்டி எடுத்தாயிற்று, மேற்கே கன்னியாப் பக்கம் முகில் கறுத்து நிற்கிறது. மழை நாளில் காயவைக்க ஓர் உலர்த்தி வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் இருக்கிறது. போன கிழமை விலை விசாரித்தேன். முதலில் எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டு எத்தனை யூனிட் இழுக்கும் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரிக் கணக்கு முடிந்தபிறகுதான் வங்கிப் பக்கம் போவேன்.